வாடைப் பக்கத்து ஜன்னல்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பழைய வேட்டிகளுக்கு வேலை வந்துவிடும். மழை சாய்ந்து அடிக்கும் இரவுகளில் அம்மா ஒரு வேட்டியை நான்காக மடித்து, வடக்குச் சுவர் ஜன்னலின் அடிச்சட்டத்தில் வரப்புக்கு மண் அணைப்பதுபோல் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். நடு இரவில் ஒருமுறை எழுந்து பிழிந்து மறுபடியும் வைப்பார். முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. ஜன்னலை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கார்த்திகையிலும் பேசுவோம். தை பிறந்து வெயில் வந்ததும் மறந்துவிடுவோம்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையை ஒட்டியது. வீட்டின் முன்கட்டு தாத்தா காலத்தது. பின்கட்டை அப்பா 1987-இல் கட்டினார். முன்கட்டில் நான்கு ஜன்னல்கள், எல்லாம் தேக்கு. பின்கட்டில் ஏழு, கையில் இருந்த பணத்துக்கு ஏற்றபடி பூவரசிலும் வேம்பிலும் செய்தவை. ஏழும் நான்கடிக்கு நான்கடி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் நின்ற தென்னைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டினால் உடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. காகிதம் போன்ற ஒரு நாடா அதைத் தாங்காது. வடக்கு ஜன்னல் ஒன்றில் கீல் பிடுங்கிக்கொண்டு கதவு தனியாகப் போய்விட்டது. இன்னொன்றின் கண்ணாடி கட்டிலின்மேல் கத்தி கத்தியாக விழுந்து கிடந்தது. அந்தக் கட்டிலில்தான் என் மகள் படுப்பாள். அன்று நடு அறையில் எல்லோரும் ஒன்றாக இருந்ததால் பிழைத்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்தது அவசரம். புயலுக்குப் பின் ஊரெல்லாம் ஓடு, தகரம், ஜன்னல் என்று தேடி அலைந்துகொண்டிருந்தது. சதுர அடி 430 ரூபாய்க்கு யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல் என்று ஒருவர் சொன்னார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கரையான் அரிக்காது, உப்பாது, பெயின்ட் வேண்டாம் என்றார். மூன்றும் உண்மைதான். 2019 மாசியில் வடக்குச் சுவரின் இரண்டு ஜன்னல்களையும் மாற்றினேன். அந்த ஆண்டு ஐப்பசியில் அம்மா மறுபடியும் வேட்டியை எடுத்தார்.

புது ஜன்னலிலும் ஏன் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், இப்போது நம் பகுதியில் பலரும் இதே ஜன்னலை இதே இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்லைடிங் ஜன்னலில் மழைத் தண்ணீர், கதவு ஓடும் அடி டிராக்குக்குள் இறங்குவது இயல்பு. இறங்கிய தண்ணீர் வெளியேறுவதற்காகச் சட்டத்தின் வெளிமுகத்தில், கீழே, நீள்வட்டமான துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத் தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும். ஒரு மழை நாளில் நான் குனிந்து பார்த்தபோது டிராக்கில் தண்ணீர் வாய்க்கால்போல் நிறைந்து நின்றது. காற்று வீச வீச அது அலையடித்து உள்பக்க விளிம்பைத் தாண்டி அறைக்குள் விழுந்தது. வெளியே போய்த் துளைகளைப் பார்த்தேன். ஒரு ஜன்னலில் துளையே போடவில்லை. மற்றொன்றில் இரண்டு துளைகள் இருந்தன. இரண்டையும் குளவி மண்வைத்துப் பூசி அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன். மண் உதிர்ந்தது, உள்ளே புழுவும் சிலந்தியும் இருந்தன. அடுத்து ஒரு பிடி சாம்பல் நிறக் குப்பை வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்: நெல் சுணையும் பதரும். தை மாதம் அறுவடை இயந்திரம் வயலில் ஓடும்போது பறந்து வந்தவை டிராக்கில் படிந்து, பனியில் ஊறி, களிமண்போல் இறுகியிருந்தன.

துளைகளைச் சுத்தம் செய்தேன், இல்லாத இடத்தில் டிரில்லால் போட்டேன். தண்ணீர் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது?

அதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் கொத்தனார். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு வந்து சன்ஷேடுக்குக் கீழே நின்றார். "தம்பி, மேலே பாருங்கள்" என்றார். சன்ஷேடின் நுனியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவில்லை. நுனியில் திரும்பி, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி ஊர்ந்து சுவருக்கு வந்து, சுவர் வழியாக ஜன்னலின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. சன்ஷேடின் அடிப்புறத்தில், நுனியிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, விரல் அகலத்துக்குப் பள்ளமாக ஒரு காடி இழுத்திருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து கீழே விழுந்திருக்கும். 1987-இல் யாரும் அதைச் செய்யவில்லை. ஜன்னலின் அடித்தளத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அது வெளியே சாயாமல் உள்ளே சாய்ந்திருந்தது. ஆக, முப்பது ஆண்டுகளாக நாங்கள் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். தவறு சிமென்டில் இருந்திருக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னல் கடைக்குப் போகும் முன் ஒரு நல்ல மழையில் உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் தலையில் இறங்குகிறதா, பக்கவாட்டில் நிலைக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பில் நுழைகிறதா, கதவின் இடுக்கில் வருகிறதா, அடித்தளத்தில் தேங்கித் திரும்புகிறதா என்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் எழுதிவையுங்கள். கடைக்காரர் கதவிடுக்கில் வரும் தண்ணீரை மட்டும்தான் நிறுத்த முடியும். மற்ற மூன்றும் கொத்தனாரின் வேலை.

நம் முன்னோர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த நான்கையும் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஜன்னல் வாங்கும்போதுதான் அவற்றின் பொருள் எனக்குப் புரிந்தது. ஒரே வீட்டின் நான்கு சுவர்களும் நான்கு வெவ்வேறு ஊர்கள்போல. நமக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவம். ஆகவே வடக்கும் கிழக்கும் தண்ணீரை எதிர்கொள்ளும் சுவர்கள். மேற்கில் எங்களுக்கு வயல்வெளி. ஆடிக்காற்றின் புழுதி, அறுவடைச் சுணை, மாலை வெயில், சித்திரையில் திடீரென்று இடியோடு வரும் கோடை மழை எல்லாம் அந்தப் பக்கம்தான். தெற்கில் தாழ்வாரம் இருப்பதால் சாரல்கூட ஜன்னலைத் தொடாது. எல்லாச் சுவருக்கும் ஒரே மாதிரி ஜன்னல் கேட்டால் கடைக்காரருக்கு எளிது, நமக்கு நட்டம்.

2022-இல் இரண்டாம் முறை ஜன்னல் மாற்றும் வேலையில் இறங்கியபோது இப்படி முடிவு செய்தேன். வடக்கில் இரண்டு, கிழக்கில் ஒன்று, மேற்கில் இரண்டு, ஆக ஐந்துக்கு வெளிப்பக்கம் திறக்கும் கீல் கதவு. கீல் கதவு மூடும்போது சுற்றிலும் உள்ள ரப்பர் நசுங்கி அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து காற்று அடிக்க அடிக்க இன்னும் இறுக்கமாகச் சட்டத்தோடு அழுந்துகிறது. ஸ்லைடிங்கில் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று உரசி ஓட வேண்டும் என்பதால் இடையில் மெல்லிய பிரஷ்தான் இருக்கும். பிரஷ் தூசியைத் தடுக்கும், புயல்மழையைத் தடுக்காது. இன்னொன்று: ஸ்லைடிங் ஜன்னலை எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். மின்சாரம் போன வைகாசி இரவில் அந்தப் பாதியின் அருமை தெரியும். 2019-இல் வாங்கிய இரண்டு ஸ்லைடிங் ஜன்னல்களை வீணாக்கவில்லை. அளவு ஒன்றாக இருந்ததால் தாழ்வாரத்துக்குள் இருக்கும் தெற்குச் சுவருக்கு மாற்றினேன். அங்கே அவை எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகின்றன. அந்த ஜன்னல் கெட்டதல்ல, நான் வைத்த இடம்தான் கெட்டது.

கடைகளைப் பற்றி. தஞ்சாவூரிலும் திருச்சியிலுமாக மூன்று இடங்களில் விலை கேட்டேன். கீல் கதவுக்குச் சதுர அடி 560, 690, 760 என்று சொன்னார்கள். மூவரிடமும் சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஒருவர் தயங்கினார், பிறகு கொடுத்தார். லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மூன்றையும் கொண்டுபோய் அளந்தோம். 560 ரூபாய்த் துண்டின் வெளிச்சுவர் 1.8 மில்லிமீட்டர். 760 ரூபாய்த் துண்டில் எந்த இடத்திலும் 2.5-க்குக் குறையவில்லை. விலை வித்தியாசம் அந்தத் தடிமனில் பாதி, உள்ளே இருக்கும் இரும்பில் பாதி. யுபிவிசி தானாக நிமிர்ந்து நிற்காது, வெயிலில் இளகும். அதன் நடு அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் செருகியிருக்க வேண்டும். பலர் சட்டத்துக்குப் போட்டுவிட்டுக் கதவுக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். என் முதல் இரண்டு ஜன்னல்களில் எதிலுமே இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப்போங்கள். இரும்பு உள்ள இடத்தில் வைத்தால் கை உணரும்.

நிறத்தில் மயங்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். மர நிறத்தில் ஒட்டுத்தாள் போட்டவை அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம் வெயிலில் அடர்ந்த நிறம் சூட்டை வாங்கி அதிகம் நீளும். வெள்ளையே போதும். நல்ல வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்திருப்பார்கள். அதுதான் வெயிலில் மஞ்சளாகாமல் காக்கிறது. இரட்டைக் கண்ணாடி போடுங்கள் என்று ஒருவர் வெகுநேரம் வற்புறுத்தினார். ஏசி ஓடும் மூடிய அறைக்கு அது உதவும். நாள் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பணம் வீண். மேற்கு வெயிலுக்கு வெளியே தட்டி கட்டியிருக்கிறோம். சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டு என்ன பயன்?

கண்ணாடியில் மட்டும் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. 5 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிப் பதப்படுத்தியது. அது உடைந்தால் கற்கண்டுபோல் சிறு துண்டுகளாகச் சிதறும், கத்தியாக நீளாது. கட்டிலின்மேல் கிடந்த அந்தத் துண்டுகளைப் பார்த்தவன் வேறு எதை வாங்குவேன்? ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அழியாத முத்திரை இருக்கும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பதப்படுத்திய பிறகு இந்தக் கண்ணாடியை வெட்ட முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது. அளவு தவறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அதனால்தான் அளவு எடுக்கும் நாள் முக்கியம். முதல் தடவை, பழைய நிலை சுவரில் இருக்கும்போதே வந்து அளந்துகொண்டு போனார்கள். நிலையைப் பிடுங்கியபோது பூச்சு பெயர்ந்து ஓட்டை பெரிதானது. ஒன்றரை அங்குல இடைவெளியைச் சிலிகானால் அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை வரிசையை மாற்றினேன். முதலில் பழைய நிலையை எடுத்தோம். சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டையை உளியால் அடிக்காமல் கட்டிங் மெஷினால் அறுத்தோம், சுவர் அதிரவில்லை. பிறகு கொத்தனார் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்து ஓரங்களைப் பூசினார். அடியில் கிரானைட் பலகையை வெளிப்பக்கம் அரை அங்குலம் சரியவிட்டுப் பதித்தார். சன்ஷேடின் அடியில் காடி இழுத்தார். பூச்சு முற்றும் காயும்வரை காத்திருந்தோம். ஈரச் சுவரில் சிலிகான் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் ஜன்னல்காரரை அழைத்தேன். அகலத்தை மூன்று இடத்திலும், உயரத்தை மூன்று இடத்திலும், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தார். அகலத்திலும் உயரத்திலும் கிடைத்த மிகக் குறைந்த அளவிலிருந்து 10 மில்லிமீட்டர் கழித்துச் செய்யச் சொன்னேன். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி அந்தச் சட்டம் வெயிலில் நீளுவதற்கு வேண்டும். அந்த மூன்று வாரமும் ஜன்னல் ஓட்டைகளில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தோம். பங்குனி மாதம் என்பதால் மழைப் பயம் இல்லை.

இந்தக் காலக் கணக்கும் கவனிக்க வேண்டியதே. நம் பக்கத்தில் சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில்தான் கையில் பணம் புரளும். வேலையை அப்போதே தொடங்கி, மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்குள் முடித்துவிடுங்கள். அதன் பிறகு ஆட்களும் வயலுக்குப் போய்விடுவார்கள், நம் மனமும் வயலுக்குப் போய்விடும்.

கிரில் விஷயத்தில் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கதவு வெளியே திறப்பதால் கிரில் உள்பக்கம் வர வேண்டும். கொசுவலை அதற்கும் உள்ளே. அப்படியென்றால் கதவை எப்படி மூடுவது? பூ வேலைப்பாடு செய்த கிரிலில் கை நுழையாது. பழைய ஜன்னல்களில் இருந்ததுபோல் நேர்க்கம்பிதான் வேண்டும் என்று அம்மா சொன்னார். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கறிவேப்பிலையும் மோர்க் கிண்ணமும் அந்தக் கம்பிகளுக்கு இடையில்தான் நாற்பது ஆண்டாகப் போய்வருகின்றன. அவர் சொன்னதே சரி. நான்கு அங்குல இடைவெளியில் நேர்க்கம்பிகள் வைத்தோம். அதற்கு மேல் அகலம் விட்டால் குழந்தையின் தலை நுழைந்துவிடும். கொசுவலையைத் தனிச் சட்டத்தில் கீல் வைத்து உள்பக்கம் திறக்கும்படி செய்தோம். சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் விளக்கைப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி வந்து மொய்க்கும் ஊர் இது. வலை இல்லாத ஜன்னல் பாதி ஜன்னல்தான்.

முன்கட்டுத் தேக்கு ஜன்னல்களையும் மாற்றிவிடுங்கள், மொத்தமாகத் தள்ளுபடி தருகிறேன் என்றார் விற்பனையாளர். நான் எங்கள் ஆசாரியை அழைத்தேன். அவர் விரல் முட்டியால் நிலையைத் தட்டிக்கொண்டே போனார். மேலே "டங்" என்று கேட்டது, அடியில் ஒரு சாண் உயரத்தில் சத்தம் மந்தமானது. அங்கே திருப்புளியைக் குத்தினார், கால் அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. "மேலே ஒன்றும் ஆகவில்லை தம்பி. இந்தக் காலத்தில் இந்த மரம் கிடைக்காது" என்றார். அவர் சொன்ன இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. அந்தக் காலத்துச் சுவரில் ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் கிடையாது. செங்கல் நிலையின் தலைச்சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. நிலையைப் பிடுங்கியிருந்தால் மேலே இருக்கும் சுவரும் கூடவே இறங்கியிருக்கும். பழைய வீட்டில் கைவைக்கும் யாரும் இதை முதலில் பார்க்க வேண்டும். ஆசாரி நான்கு ஜன்னலிலும் கெட்ட அடிப்பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்குத் துண்டு வைத்து இணைத்தார். கீல்களை மாற்றினார். பழைய பெயின்டைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் பூசினார். அந்த நான்கும் இப்போது இந்த வீட்டிலேயே அழகானவை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஜன்னல், 80 சதுர அடி, 760 வீதம் 60,800 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 71,744. கொத்தனார், கிரானைட், கிரில், கொசுவலை எல்லாம் தனி. இவற்றைக் கடைக்காரரின் சதுர அடி விலையில் யாரும் சேர்ப்பதில்லை. விலைப்பட்டியலில் சட்டத்தின் தடிமன், இரும்பின் தடிமன், எந்தெந்தச் சட்டத்தில் இரும்பு, கண்ணாடி வகை, கீலும் கைப்பிடியும் துருப்பிடிக்காத எஃகா என்பதையெல்லாம் எழுதி வாங்கினேன். முன்பணம் பாதி, ஜன்னல் வந்து இறங்கியதும் நாற்பது சதவீதம், கடைசிப் பத்து சதவீதம் தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகு. இந்தக் கடைசி நிபந்தனைக்குக் கடைக்காரர் ஒப்புக்கொண்டதால்தான் அவரிடம் வாங்கினேன்.

சோதனை எளிது. மோட்டாரில் ஹோஸைச் செருகி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியிலிருந்து கால் மணி நேரம் தண்ணீர் அடித்தோம், கீழிருந்து மேலாகவும் பக்கவாட்டிலும். மகள் உள்ளே உலர்ந்த செய்தித்தாளை அடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு ஜன்னலில் தாள் நனையவில்லை. கிழக்கு ஜன்னலில் ஒரு மூலை நனைந்தது. ரப்பர் மூலையில் சேராமல் கால் அங்குலம் விட்டிருந்தது. மறுநாள் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

தெற்குச் சுவரின் இரண்டு ஸ்லைடிங் ஜன்னல்களையும் சேர்த்து, ஒவ்வொரு புரட்டாசியிலும் எல்லாத் துளைகளையும் ஈர்க்குச்சியால் குத்திவிடுவது இப்போது என் வழக்கம். சென்ற ஆண்டும் இரண்டில் குளவி மண் இருந்தது. குத்திவிட்டு டிராக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். வெளியே நின்ற மகள், "வருகிறது அப்பா" என்றாள்.